பூவரசங்குடி காலூன்றிய வருஷம்

பூவரசங்குடியில் வடிவு டீச்சரின் பாதம் தரையை விட்டு எழும்பிய அன்று கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் வந்திருந்தது. பெண்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மண் நல்ல பதமாக இருந்தது. வரிசையாக ஓடிய பிள்ளைகளின் தடம் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரித் தெளிவாக விழுந்து கிடக்க, அவர்களுக்கு முன்னால் விசில் ஊதிக்கொண்டு ஓடியவளின் தடம் மட்டும் எங்கேயும் காணவில்லை. அவள் நின்று குனிந்து பார்த்தாள். பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு அரிசி படுத்துக் கிடக்கும் அளவு இடைவெளி இருந்தது. பிள்ளைகள் பார்ப்பதற்குள் நிமிர்ந்து, இன்னொரு சுற்று ஓடச் சொல்லி விசில் ஊதினாள்.

சண்பகவடிவு என்பது அவளுடைய முழுப்பெயர். நாற்பது தாண்டியும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஓட்டத்தில் முந்துகிறவள், ஊரே காய்ச்சலில் படுத்த மழைக்காலத்தில் வீடு வீடாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றினவள், ஊர்ப் பெண்களின் கயிறிழுப்பு அணிக்குத் தலைவி. சுத்துப்பட்டில் எந்தத் திருவிழாவில் வடம் போட்டு இழுத்தாலும் ஜெயிப்பது பூவரசங்குடிப் பெண்கள்தான் என்பதும், அவர்கள் பருப்பும் சாதமும் தின்றே ஜெயிக்கிறார்கள் என்பதும், ஊரே சைவமான அந்த ஊருக்குக் கோயில் கோபுரத்தைவிடப் பெரிய பெருமை. மகளுக்குச் சோறு ஊட்டுகிற தாய்மார் "தின்னுட்டி, வடிவு டீச்சர் மாதிரி ஆகண்டாமா" என்றுதான் ஊட்டுவார்கள்.

ஆகையால், பாதம் எழும்புவதற்கு முன்பே சில மாதங்களாக உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்ததையும், பிறகு அந்த எறும்புகளும் போய் பஞ்சு மெத்தையில் நிற்பதுபோல ஆகிவிட்டதையும், நாக்கு வழுவழுவென்று சிவந்து ரசம் பட்டால் எரிந்ததையும், கூப்பிடப் போன பிள்ளையின் பெயர் வாய்க்கு வராமல் தொண்டையிலேயே நின்றுகொண்டதையும் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்ற சொல் அவள் வாயில் அதுவரை வந்ததே கிடையாது. இனிமேல் வரவும் அவள் விடுவதாயில்லை.

அவளுடைய புருஷன் உமையொருபாகம் பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்தார். செருப்பைப் பார்த்தே ஆளின் குணம் சொல்லுகிறவர். பத்து இருபது நாள் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் கிடந்த அவளுடைய செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "வடிவு, இது தேயவே இல்லியே" என்றார்.

அவள் சேலையை லேசாகத் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து தன் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். அவர் நின்ற உயரத்தில் கட்டெறும்பு ஒன்று நிமிர்ந்தே கடந்து போகலாம்.

"எனக்குப் புரட்டாசியிலயே எழும்பிட்டு" என்றார். "செருப்புக்கடைக்காரன் காலு தரையில படலன்னு தெரிஞ்சா எவன் வந்து செருப்பு வாங்குவான்? அதான் சொல்லல."

ஊரில் எல்லோருமே இப்படித்தான் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மார்கழிக் கோலத்தில்தான் வெளிப்பட்டது. வாசல் நிறைய மாக்கோலம் போட்டு நடுவில் பூசணிப்பூ வைத்துவிட்டு நிமிர்ந்த பெண்கள், பால்காரர் கோலத்தின் மேலேயே நடந்து வந்து பால் ஊற்றிவிட்டுப் போவதையும், ஒரு புள்ளிகூட அழியாமல் இருப்பதையும் கண்டார்கள். திட்டுவதற்கு வாயெடுத்தவர்கள் தாங்களும் கோலத்தின் நடுவில்தான் நிற்கிறோம் என்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். சிறுபிள்ளைகளின் கால் மட்டும் தரையில் இருந்தது. பெரியவர்கள், அதிலும் பார்வைக்குத் திடமாக, சிவந்து செழித்து, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்தான் அதிகம் எழும்பியிருந்தார்கள்.

ஊர்க் கமிட்டித் தலைவர் தாணுமூர்த்தி, மரக்கடை வைத்திருப்பவர், கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"தேவர்களுக்கு என்ன அடையாளம்?" என்று கேட்டார். "கண்ணு இமைக்காது, மாலை வாடாது, காலு தரையில படாது. தலைமுறை தலைமுறையா ஒரு உசுரைக் கொல்லாத ஊரு இது. மூணுல ஒண்ணு நமக்கு வந்துட்டு. மத்த ரெண்டும் மெதுவா வரும்."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிறகு அதோடு வாழப் பழகுவது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. வீடு பெருக்குகிற வேலை பாதியாகக் குறைந்தது, வயலுக்குப் போனவர்கள் சேறு படாமல் திரும்பினார்கள், முள்வேலியைத் தாண்டுவது எளிதாயிற்று, கோயிலில் தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் சிரமமில்லாமல் மிதித்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் டிரைவர் பிரேக் போடும்போது முன்கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். காற்று அடிக்கிற நாளில் பெண்கள் முந்தானையில் அம்மிக்குழவியை முடிந்துகொண்டார்கள், ஆண்கள் படிக்கல்லை மடியில் கட்டிக்கொண்டார்கள், தாய் தகப்பன்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் பள்ளிக்கூட வாசலிலேயே அலைந்தார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் "பொண்ணு எங்க ஊர்ப் பொண்ணு, காலு தரையில படாது" என்று சொன்னார்கள். தையில் ஊர் முகப்பில் 'பாதம் படாத பூமி' என்று எழுதி வளைவு கட்டினார்கள். வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கைகால் மதமதப்பு, மறதி, சோர்வு என்று யாராவது சொன்னால், தேவலோகத்துக்குப் போகிற வழியில் கொஞ்சம் களைப்பு இருக்கத்தானே செய்யும் என்று பதில் வந்தது.

உமையொருபாகத்தின் கடையில் மட்டும் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் அதையும் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார். "உலகத்துலயே செருப்பு தேயாத ஊர்ல செருப்புக்கடை வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான்" என்பார்.

பங்குனியில் கருங்கால்பட்டிக் கோயில் கொடைவிழாவுக்கு வழக்கம்போல அழைப்பு வந்தது. பூவரசங்குடிப் பெண்கள் மஞ்சள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் வடத்தின் ஒரு பக்கம் நின்றார்கள். மறுபக்கம் கருங்கால்பட்டிப் பெண்கள், அவர்களுக்குத் தலைவி பேச்சித்தாய். செங்கல் சூளையில் வேலை செய்து இறுகின கை, வருஷா வருஷம் தோற்றாலும் மறுவருஷம் அதே இடத்தில் வந்து நிற்கிற பிடிவாதம். விசில் ஊதினார்கள். வடிவு டீச்சர் எப்போதும்போல உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலைக் குத்தினாள். குத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. குதிகாலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் காற்று இருந்தது. கையில் பலம் இருந்தது, இடுப்பில் பலம் இருந்தது, எல்லாப் பலமும் கால் வழியாக இறங்கி எங்கேயும் போய்ச் சேராமல் திரும்பி வந்தது. பேச்சித்தாய் ஒரே இழுப்பு இழுத்தாள். பூவரசங்குடி அணி மொத்தமும் கொடியில் காயப்போட்ட துணிபோல வடத்தைப் பிடித்தபடி மிதந்து போய்க் கோட்டைத் தாண்டி இறங்கியது.

ஜெயித்தவர்கள் குலவை போடவில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்கே பிடிபடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தாணுமூர்த்தி, "மண்ணை மிதிச்சு நிக்கிறவங்க விளையாட்டு அது. அதெல்லாம் தாண்டி நாம போயாச்சு" என்றார். ஊர் தலையாட்டியது. வடிவு டீச்சர் தலையாட்டவில்லை. வடத்தைச் சுருட்டிப் பள்ளிக்கூட அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை. அவளுக்கு அது செத்துப்போகலாம் போல அவமானமாக இருந்தது.

சித்திரையில் பேச்சித்தாய் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். கொண்டு வந்த பலாச்சுளையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மைனி, நான் கேலி பேச வரல. எனக்கும் இப்படி எழும்பிச்சு. இடது காலு மட்டும். சர்க்கரைக்கு வருஷக்கணக்கா மாத்திரை போடுதம்லா, அதுல ஒரு சத்து ரத்தத்துல கொறஞ்சிட்டாம். எங்க ஊர் ஆஸ்பத்திரில மெர்ஸி டாக்டர் இருக்காங்க, ஊசி போட்டாங்க. இப்போ பாருங்க."

அவள் இடது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அந்தச் சத்தத்தில் அடுப்படியில் தம்ளர் அதிர்ந்தது.

"எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல மைனி" என்றாள் வடிவு டீச்சர்.

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

"எங்க ஊருக்கு வந்திருக்கிறது வேற."

பேச்சித்தாய் எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நீங்க காலூனி நிக்காத பக்கத்துல நான் இழுத்து என்ன பிரயோசனம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனி பிறந்தது. மலைக் கணவாய் வழியாகச் சாரலும் காற்றும் இறங்கத் தொடங்கின. பெரியவர்கள் அதற்குள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் தொடர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது முத்துச்செல்வி என்ற பிள்ளை கோலைக் கைமாற்றும் இடத்தில் இடறி விழுந்தாள். கால் மடங்கி, நெற்றி கல்லில் பட்டு ரத்தம் வந்தது. வடிவு டீச்சர் அவளைப் பார்த்து ஓடினாள். காற்று எதிரே வந்தது. அவள் ஓட ஓட, காற்று அவளை அலுங்காமல் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் வேலிக் கம்பியில் சாய்த்து வைத்தது. மறுபடி ஓடினாள், மறுபடி வேலிக்கே வந்தாள். மைதானத்தின் நடுவில் பிள்ளை "டீச்சர், டீச்சர்" என்று அழுதுகொண்டிருக்க, ஊரிலேயே வேகமாக ஓடுகிறவள் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், சேர்ந்து ஓடின பிள்ளைகள்தான் விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காயம் பெரிதில்லை. ஆனால் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்தபோது வடிவு டீச்சருக்கு அவள் பெயர் ஞாபகம் வரவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே, வராத பெயரைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் புருஷனுடைய மொபெட்டின் பின்னால் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, பஜார் வழியாகவே, எல்லோரும் பார்க்கும்படியே கருங்கால்பட்டிக்குப் போனாள். "குறுக்கு வழியில போவமா?" என்று அவர் கேட்டதற்கு, "நான் எதையும் ஒளிச்சுச் செஞ்சது இல்ல. ஒளிச்சது இந்த ஒண்ணுதான். அது போதும்" என்றாள்.

மெர்ஸி டாக்டர் சின்ன வயசுக்காரி, மார்த்தாண்டம் பக்கம். வடிவு டீச்சர் மிதந்து வந்ததைக் கண்டு அவளுக்கு ஒரு வியப்பும் இல்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், அதிர்கிற ஒரு இரும்புக் கவட்டையைக் கணுக்காலில் வைத்து "தெரியுதா?" என்று கேட்டாள். தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள். மூடியதும் வடிவு டீச்சருக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய், சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் முறை போனபோது டாக்டர் உட்காரவைத்துச் சொன்னாள்.

"நரம்புக்கு மேல ஒரு உறை உண்டு டீச்சர், கரண்டு வயருக்கு மேல இருக்குமே, அது மாதிரி. உங்களுக்கு அது தேஞ்சுட்டு வருது. காலு சொல்ற சேதி மேல போகல, மேல இருந்து சொல்றது காலுக்கு வரல. ரொம்ப நாள் சேதி இல்லேன்னா சொந்தக்காரங்களே மறந்துருவாங்க. உங்க காலு தரைய மறந்துட்டு."

"எதனால டாக்டர்?"

"பி பன்னிரண்டுன்னு ஒரு வைட்டமின். கடுகை ஆயிரமாப் பொடிச்சா அதுல ஒரு துணுக்குகூட வேண்டாம் ஒரு நாளைக்கு. அது உங்க ரத்தத்துல அநேகமா இல்ல."

வடிவு டீச்சரின் முதுகு நிமிர்ந்தது. "நான் கீரை இல்லாமச் சாப்பிடுதது இல்ல. பருப்பு, பயறு, கம்பு, மோரு. எங்க ஊர்ச் சாப்பாட்டுல என்ன குத்தம் கண்டிய?"

"ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் நல்ல சாப்பாடு. இது ஒண்ணு மட்டும் செடிகொடியில விளையாது. பால் தயிர்ல கொஞ்சம் உண்டு, சிலருக்கு அது போதும், சிலருக்குப் போதாது. வயசாக ஆக வயிறும் சரியா வாங்கிக்கிடாது. தினம் மீன் சாப்பிடுறவங்களே இங்க மிதந்து வந்திருக்காங்க."

"அப்போ நான் கறி திங்கணும்னு சொல்லுதிய."

"நான் அப்படிச் சொல்லலியே. ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரை வளத்து அதுலருந்து எடுக்கிறாங்க. பால் தயிராகுறதும் அந்த மாதிரி ஒண்ணாலதான். ஒரு ஆட்டையும் கொல்லல."

வடிவு டீச்சர் தணிந்த குரலில், "எனக்கு இதுவரைக்கும் சீக்குன்னு ஒண்ணு வந்ததே இல்ல டாக்டர்" என்றாள்.

"வந்திருக்கு டீச்சர். நீங்க அதுக்கு முன்னால ஓடிட்டே இருந்திருக்கீங்க, அதான் உங்களுக்குத் தெரியல."

ஊசி மருந்து மாதுளம்பழச் சாறு நிறத்தில் இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

நரம்பு தன் வேலையை அவசரமில்லாமல்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். ஊசி ஊசியாகப் போட்டு ஆடியும் வந்தது. முதலில் பெயர்கள் திரும்பின. மைதானத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், முத்துச்செல்வியை மட்டும் காரணமில்லாமல் பலமுறை கூப்பிட்டாள். பிறகு ரசம் எரிக்காமல் இறங்கியது. பிறகு போன எறும்புகள் உள்ளங்காலுக்குத் திரும்பி வந்தன. அதன் பின்னே ஒருநாள் உச்சி வெயிலில், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் காலில் என்னவோ குத்தியது. குனிந்து பார்த்தாள். ஒரு சரளைக்கல். சூடான தரையில், சூடான கல்லின் மேல், அவளுடைய வலது பாதம் முழுசாக அழுந்தியிருந்தது. வலித்தது. அவள் நகரவில்லை. கல்லின் மேலேயே அழுத்தி நின்று, இடது பாதமும் இறங்கி வருகிற வரைக்கும் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. டீச்சர் கறி தின்றுவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினார்கள். உமையொருபாகம்கூட, "நான் நம்புதேன். ஆனா எனக்கு ஊசின்னா பயம், பாத்துக்கலாம்" என்று சொல்லி இடுப்பு உயரத்திலேயே கடைக்குப் போய் வந்தார். தாணுமூர்த்தி தெருவில் அவளை நிறுத்தி, மேலேயிருந்து பேசினார்.

"ஊரே உசந்து நிக்கிற நேரத்துல நீங்க மட்டும் எறங்கி நிக்கது நல்லா இருக்கா டீச்சர்?"

"நான் எறங்கி நிக்கல அண்ணாச்சி" என்றாள். "ஊனி நிக்கேன்."

ஆடி போனால் காற்று அடங்கும் என்பது வழக்கம். அந்த வருஷம் ஆவணியிலும் அடங்கவில்லை. அந்த ஆவணியில்தான் கமிட்டி பாத உற்சவம் என்று ஒன்றை ஏற்பாடு செய்தது. ஊர் மொத்தமும் பட்டு உடுத்தி, தெரு அகலத்துக்கு வரிசை கட்டி, வளைவு வரைக்கும் மிதந்து போவதாகத் திட்டம். வரிசை கலையாமல் இருப்பதற்காகப் பள்ளிக்கூட அறையில் கிடந்த கயிறிழுப்பு வடத்தை எடுத்து வந்து, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படிக்கல்லும் அம்மிக்குழவியும் அன்றைக்கு அழகாக இருக்காது என்று வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். வடிவு டீச்சரைக் கூப்பிடவில்லை. அவள் பள்ளிக்கூட வாசலில் தன் பிள்ளைகளோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

மேளம் முழங்க வரிசை வளைவை நெருங்கும்போது கணவாயிலிருந்து காற்று புறப்பட்டு வந்தது. வாழைத்தோட்டம் ஒன்று மொத்தமாகக் குனிந்து கொடுத்தது, வளைவின் பெயர்ப்பலகை கழன்று கிழக்கே போயிற்று, அதன் பின்னாலேயே ஊரும் எழும்பியது. முதலில் கூரை உயரம், பிறகு தென்னை உயரம். பட்டு வேட்டியும் பட்டுச் சேலையும் படபடக்க, மேளக்காரர் அடித்துக்கொண்டேயிருக்க, வடத்தைப் பிடித்தபடி பூவரசங்குடியின் பெரியவர்கள் அத்தனை பேரும் வால் நீண்ட ஒரு பட்டம்போல மேலே போனார்கள். கீழே நின்ற சின்னப் பிள்ளைகள் தாய் தகப்பன் பெயர் சொல்லி அழுதார்கள். வடத்தின் கடைசி நுனி தெருப் புழுதியைக் கீறிக்கொண்டு பள்ளிக்கூட வாசலைக் கடந்தது.

வடிவு டீச்சர் பாய்ந்து அதைப் பிடித்தாள். இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினாள். உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலைக் குத்தினாள்.

குதிகால் மண்ணில் இறங்கியது.

வடம் விறைத்து நின்றது. அவள் கைத்தோல் உரிந்தது. ஒரு ஊரின் கனமில்லை அது, ஒரு ஊரைக் கொண்டுபோக வந்த காற்றின் கனம். அவள் சறுக்கினாள், மறுபடி குத்தினாள், மறுபடி சறுக்கினாள். பிள்ளைகள் வந்து பின்னால் பிடித்தார்கள். "சாயுங்கட்டி, மூச்சை விடாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தபடியே அவள் சறுக்கினாள். உற்சவம் பார்க்க வந்து கூட்டத்தில் நின்ற கருங்கால்பட்டிப் பெண்கள் அப்போது ஓடி வந்தார்கள். முன்னால் பேச்சித்தாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே கேட்டாள்.

"எந்தப் பக்கம் இழுக்க மைனி?"

"என் பக்கம்" என்றாள் வடிவு டீச்சர்.

வருஷக்கணக்காக எதிரெதிராக நின்ற இரண்டு ஊர்ப் பெண்களும் அன்றைக்கு ஒரே பக்கம் நின்றார்கள். ஒருத்தியின் குதிகால் சறுக்கும்போது இன்னொருத்தியின் குதிகால் பிடித்தது. அவர்கள் இழுத்த இழுப்பில் தெருவில் வாய்க்கால் மாதிரி தடம் விழுந்தது. மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. தாணுமூர்த்தியினுடையது.

"டீச்சர், விட்டுராதிய."

"விடமாட்டேன் அண்ணாச்சி. நீங்களும் விட்டுராதிய."

காற்று அவர்களோடு மத்தியானம் வரைக்கும் மல்லுக்கு நின்றுவிட்டு, கடைசியில் அலுத்துப் போய் வேறு ஊருக்குப் போனது. வடத்தைச் சுருட்டிச் சுருட்டி, ஒவ்வொருவராகக் காலைப் பிடித்து இறக்கி, பள்ளிக்கூட வகுப்பறைகளுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் உத்தரத்தோடு ஒட்டிக்கொண்டு, மின்விசிறிகளுக்கு நடுவே, கலைந்த பட்டோடு மிதந்தார்கள். கைகளில் ரத்தம் சொட்ட வடிவு டீச்சர் கீழே வந்து நின்றாள். அன்றைக்குத்தான் ஊர் அவளை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே அவளுடைய பேச்சுக்கு அடங்கியது.

"நம்ம சோத்துல குத்தம் இல்ல" என்றாள். "நம்ம சாமியும் நம்மளக் கைவிடல. ஒரு சத்து கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான். பார்வைக்கு நல்லா இருந்தோம், அதனால கொறஞ்சது தெரியல. எனக்கு மொதல்லயே தெரிஞ்சுது, ஆனாலும் ரொம்ப நாளு நான் வெளிய சொல்லல. நாளைக்கு டாக்டர் இங்க வாராங்க. ஊனி நிக்கணும்னு நெனைக்கிறவங்க கைய நீட்டுங்க."

ஜன்னலோரம் மிதந்துகொண்டிருந்த உமையொருபாகம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இல்லாத ஊசிக்கு இப்போதே கையை நீட்டினார்.

ஊர் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. புரட்டாசியில் சிலர், ஐப்பசி மழையில் சிலர், பழுத்த இலை இறங்குவதுபோல அவரவர் பக்குவத்துக்கு இறங்கினார்கள். இறங்கினவர்கள் முதலில் புலம்பத்தான் செய்தார்கள். முள் குத்துகிறது, தார் சுடுகிறது, சேறு ஒட்டுகிறது என்றார்கள். பிறகு அந்தப் புலம்பலே ஒரு பீற்றலாக மாறியது. "எனக்கு நேத்தே சுட்டுட்டு, உனக்கு இன்னும் சுடலியா?" என்று தெருவில் கேட்டுக்கொண்டார்கள். செருப்புக்கடையில் கூட்டம் தாங்கவில்லை. மருந்து போட்டுக்கொள்வதை யாரும் மறைக்கவில்லை. மாதத்துக்கு ஒருநாள் குடும்பத்தோடு கருங்கால்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதும், வருகிற வழியில் பேச்சித்தாய் வீட்டில் மோர் குடிப்பதும் ஊர் வழக்கமாயிற்று. தாணுமூர்த்தி கடைசியாகத்தான் கையை நீட்டினார். நாள் கடந்துவிட்டதால் அவருடைய இடது கால் முழுசாகத் தரைக்குத் திரும்பவேயில்லை, ஒரு விரல் உயரத்திலேயே நின்றுவிட்டது. அவர் சாய்ந்து சாய்ந்து நடந்தார். வளைவுக்குப் புதுப் பலகை செய்யத் தன் கடையிலிருந்தே தேக்கு கொடுத்தார். அதில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

பங்குனி வந்தது. கருங்கால்பட்டிக் கொடைக்கு மறுபடி வடம் போட்டார்கள். இந்த முறை பூவரசங்குடி முழுதும் திரண்டு போயிற்று. விசில் ஊதியதும் இரண்டு பக்கமும் குதிகால் மண்ணுக்குள் போனது. வடம் அங்கேயும் போகவில்லை, இங்கேயும் வரவில்லை. வெயில் ஏறியது. வடிவு டீச்சரும் பேச்சித்தாயும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் உள்ளங்காலில் நிறுத்திச் சாய்ந்து கிடந்தார்கள். கை நரம்பு புடைத்தது, கால் நடுங்கியது. கடைசியில் விரலளவு, பிறகு சாணளவு, பிறகு முழம் முழமாக வடம் கருங்கால்பட்டிப் பக்கம் நகர்ந்தது. கோடு தாண்டியது. இரண்டு அணியும் அப்படியே மண்ணில் விழுந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தது.

திரும்பி வருவதற்கு லாரி தயாராக நின்றது. வேண்டாம் என்றாள் வடிவு டீச்சர். "நடந்தே போவோம்."

ஊர் மொத்தமும் தார்ரோட்டில் நடந்தது. முன்னால் மஞ்சள் சேலைப் பெண்கள், உரிந்த கையும் புழுதிபடிந்த காலுமாக. பின்னால் ஆண்கள், கிழடுகள், தோளில் தூங்குகிற குழந்தைகள், உமையொருபாகம், சாய்ந்து சாய்ந்து தாணுமூர்த்தி. பாதங்கள் ரோட்டில் விழுகிற சத்தம் மட்டும் ஒன்றாகக் கூடிப் பெரிதாகி அவர்களுக்கு முன்னாலேயே போனது. வழியில் இருந்த ஊர்க்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்தார்கள். ஒரு கடை வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள், கையில் இருந்த மாலையோடு எழுந்து ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஜெயிச்சுட்டியளா?" என்று கேட்டாள்.

வடிவு டீச்சர் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊரும் நின்றது.

"தோத்துட்டோம்மா" என்று நிமிர்ந்து சொன்னாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் மாலையை அவள் கழுத்தில் போட்டுவிட்டாள்.